பச்சைக் கதவு பதினைந்து வருஷம் நிற்குமா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்தில், பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பகிரும் ஒட்டு வீடு எங்களுடையது. சமையலறை 3 மீட்டருக்கு 2.7 மீட்டர். பழைய கபர்டுகளைக் கழற்றிவிட்டுப் புதிதாகச் செய்யப்போகிறோம். மகள் கரும்பச்சைக் கதவு, கைப்பிடி இல்லாத கபர்ட், திறந்த தட்டுகள், வெள்ளை குவார்ட்ஸ் மேடை, நடுவில் ஓர் ஐலண்ட் (தனியாக நிற்கும் மேடை) என்று கேட்கிறாள். அடிக்கடி மாற்ற எங்களுக்கு வசதியில்லை. இதில் எது நிலைக்கும்?

பதில்: முதலில் ஐலண்டை விட்டுவிடுங்கள். சுவரோர மேடைக்கு 600 மி.மீ., ஐலண்டுக்கு 600, அதன் இருபுறமும் நடக்க 900 வீதம் 1800. அதுவே 3 மீட்டர் ஆகிவிட்டது. எதிர்ச்சுவரில் ஒரு தட்டு வைக்கக்கூட இடமிருக்காது. பூட்டு உள்ள சக்கரம் வைத்த சின்ன மேசை போதும். முறுக்கு பிழியும்போது நடுவில் இழுத்துக்கொள்ளலாம்.

மற்றதில் ஒரு பிரிவினை செய்துகொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஒரு பிற்பகலில் கழற்றி மாற்றக்கூடியதில் மகளின் ஆசைக்கு இடம் கொடுங்கள். சுவருக்குள்ளும் மேடைக்கு அடியிலும் போவதில் கொடுக்காதீர்கள்.

கபர்டைக் கெடுப்பது காலமல்ல, தண்ணீர். டர்பனின் கோடைப் புழுக்கத்தில் சாதாரண சிப்போர்ட் (மரத்தூளை ஒட்டி அழுத்திய பலகை) வெட்டிய ஓரங்களின் வழியே ஈரத்தைக் குடித்து ஊதும். ஊதினது திரும்ப அமுங்காது. சிங்க் கபர்டுக்காவது ஈரம் தாங்கும் பலகை கேளுங்கள். வெட்டிய இடத்தில் பெரும்பாலும் பச்சை நிறம் தெரியும் என்றாலும், நிறத்தை மட்டும் நம்பாமல் பலகையின் விவரத்தைக் கேட்டுப் பாருங்கள். கதவு நீங்கலான கபர்ட் பெட்டிக்கு 16 மி.மீ. பலகை போதும். கண்ணுக்குத் தெரியாத பின் ஓரம், அடி ஓரம், குழாய்க்குப் போட்ட ஓட்டை எல்லாவற்றையும் ஓரப்பட்டியாலோ சிலிகானாலோ மூடச் சொல்லுங்கள். தச்சர்கள் வழக்கமாக விட்டுவிடும் வேலை இதுதான். பெட்டி தரையில் உட்காரக் கூடாது, 100 மி.மீ. பிளாஸ்டிக் காலில் நிற்கட்டும். தரை கழுவும் தண்ணீர் முதலில் தொடுவது அடிப்பலகையை.

கதவில் பிளாஸ்டிக் தாள் சுற்றி ஒட்டியதைத் தவிருங்கள். ஓவன் சூட்டிலும் கெட்டில் ஆவியிலும் அந்தத் தாள் மூலையிலிருந்து உரியும். மெலமைன் (பிசின் பூச்சுள்ள பலகை) கதவுக்கு 1 மி.மீ. பி.வி.சி. ஓரம் போட்டாலே போதும்.

வெள்ளை குவார்ட்ஸ் பற்றி. அது முழுக்கக் கல் அல்ல. கல்தூளைப் பிசினில் இறுக்கியது. அந்தப் பிசினுக்குச் சூடு ஆகாது. அடுப்பிலிருந்து இறக்கிய பிரியாணிச் சட்டியை நேராக வைத்தால் மஞ்சளித்துப்போகும், சில சமயம் விரிசல் விடும். மஞ்சள் கறையும் வெள்ளையில்தான் பளிச்சென்று தெரியும். கடையில் ஒரு துண்டு மாதிரி வாங்கி வந்து, மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பூசி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் பாத்திரச் சோப்பால் கழுவிப் பாருங்கள். கடைக்காரர் பேச்சைவிட அது நேர்மையானது. (கழுவியும் மிஞ்சுகிற லேசான மஞ்சள் வெயில் பட்டால் மங்கும்.)

நம் சமையலுக்கு ரஸ்டன்பர்க் கல்லைச் சொல்வேன். கிரானைட் என்று விற்றாலும் அது உண்மையில் காப்ரோ என்ற வேறு வகைக் கரும்பாறை. கருஞ்சாம்பல் நிறம், சூடு தாங்கும், கறை எடுத்துக்காட்டாது, இந்த நாட்டிலேயே கிடைக்கிறது. மேலே கொஞ்சம் தண்ணீர் விட்டு கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். கல் கருத்திருந்தால் சீலர் (துளை அடைக்கும் பூச்சு) பூச வேண்டும். எந்தக் கல்லானாலும் வெட்டும் வேலை பட்டறையில், தண்ணீர் விட்டு நடக்கட்டும். குவார்ட்ஸ் தூள் நுரையீரலைக் கெடுக்கும். அதனால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலையிலிருந்து பிசினில் இறுக்கிய அந்தக் குவார்ட்ஸ் பலகையைத் தடை செய்தது.

சிங்க் 304 தர ஸ்டீலாக இருக்கட்டும். கடைக்குக் காந்தம் கொண்டுபோங்கள். இறுக்கமாக ஒட்டிக்கொண்டால் அது பெரும்பாலும் நிக்கல் இல்லாத 430 தரம். கடற்காற்றில் துருப்புள்ளி விழும்.

மகளின் பட்டியலில் இல்லாத, ஆனால் மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றுவது புகை வெளியேறும் வழி. கார்பன் ஃபில்டர் வைத்து அதே காற்றைத் திரும்ப விடும் எக்ஸ்ட்ராக்டர் தாளிப்புக்கு முன்னால் நிற்காது. 150 மி.மீ. குழாயில் வெளியே தள்ளுவது வேண்டும். உங்கள் அறை 2.4 மீட்டர் உயரமென்றால் ஏறக்குறைய 19.5 கன மீட்டர். மணிக்கு 15 முறை காற்று மாற 300 கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. குழாயின் நீளமும் வளைவும் பாதியைத் தின்றுவிடக்கூடும். 600 என்று போட்டதை வாங்குங்கள். குழாயைச் சுவர் வழியே விடுவது நல்லது. கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் அதில் துளை போட யாரையும் ஏற்றாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் 2008-ல் ஆஸ்பெஸ்டாஸ் தடை செய்யப்பட்டது; ஏற்கெனவே கூரையில் இருப்பதைத் தொட 2020-ல் வந்த தனி விதிகள் உண்டு.

லோட்ஷெடிங் (முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது) தந்த பழக்கத்தில் காஸ் ஹாபும் (மேடையில் பதிக்கும் அடுப்பு) மின் ஓவனும் வைப்பதாக இருந்தால், சிலிண்டர் வெளியே, கதவு ஜன்னலிலிருந்து 1 மீட்டர், சாக்கடை வாயிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். காஸ் காற்றைவிடக் கனம். தாழ்ந்த இடம் தேடிப் போய்த் தங்கும். பதிவுபெற்ற காஸ்காரர் தரும் சான்றிதழையும், மின்வேலைக்கான சான்றிதழையும் பத்திரப்படுத்துங்கள். வீட்டை விற்கும்போது கேட்பார்கள். சுவர் திறந்திருக்கும்போதே விளக்குக்கும் குளிர்ப்பெட்டிக்கும் தனி லைன் இழுத்துவிட்டால், நாளை பேட்டரி வாங்கும்போது இடிக்க வேண்டியதில்லை.

கைப்பிடி இல்லாத கபர்ட் வேண்டாம். மாவுக் கையோடு விரல் விடும் பள்ளத்தில் அழுக்கு சேரும். துளைகளுக்கு நடுவே 128 அல்லது 160 மி.மீ. உள்ள கைப்பிடி போடுங்கள்; அலுத்துப்போனால் அதே அளவில் வேறொன்று கிடைக்கும், பழைய துளைக்குப் பட்டி பார்க்க வேண்டாம். திறந்த தட்டு ஒன்றே ஒன்று, அடுப்புக்கு எதிர்ப்பக்கம். அடுப்பருகே வைத்தால் எண்ணெய்ப் படலத்தில் தூசி ஒட்டி, மாதத்துக்கொரு முறை அத்தனை கிண்ணத்தையும் கழுவ நேரும்.

கரும்பச்சைக்கு என் சம்மதம் உண்டு, கீழ்க் கதவுகளுக்கு மட்டும். மேலே வெளிர் நிறம் இருந்தால் சின்ன அறை இருளாது. பளபளப்பில்லாத கரும் நிறத்தில் எண்ணெய்க் கை பட்ட தடம் தெரியும் என்பதை மட்டும் மகளிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். பெட்டிகள் வெள்ளையாக, கீல்கள் கதவின் வட்டக் குழியில் பதியும் சாதாரண 35 மி.மீ. கிண்ண வகையாக இருந்தால், பின்னாளில் கதவை மட்டும் மாற்றலாம். பச்சைக் கதவுப் பலகையின் பெயரையும் எண்ணையும் சிங்க் கதவின் உட்புறம் எழுதி வையுங்கள். முதலில் கெடப்போவது அந்தக் கதவுதான். ஒன்றைக் கூடுதலாகச் செய்து கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்தாலும் தப்பில்லை.