ஆணி அடிக்கும் நாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வட்டாரத்துச் சமூகக் கலைக்கூடத்தில் நான்கு ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருக்கிறேன். சம்பளத்துக்கு ஆள் யாரும் கிடையாது, எல்லாம் நாங்களேதான். ஆண்டுக்கு ஏழெட்டுக் கண்காட்சிகள் வைக்கிறோம். அவற்றில் பெரியது, யார் வேண்டுமானாலும் படம் தரக்கூடிய திறந்த கண்காட்சி. ஒருவர் மூன்று படம் வரை தரலாம். இந்த ஆண்டு 94 பேரிடமிருந்து 212 படங்கள் வந்தன. வந்ததையெல்லாம் மாட்டுவதுதான் எங்கள் வழக்கம், மாட்டினோம். எங்களிடம் இருக்கும் சுவர் மொத்தமே ஏறத்தாழ 80 மீட்டர். கடைசியில் இடம் தீர்ந்து, ஒரு பெரியவர் வரைந்த நிலக்காட்சி கழிப்பறைக் கதவுக்கு மேலே போய்விட்டது. தொடக்கவிழாவுக்கு வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். அன்றைக்கு விருந்தினராக வந்திருந்த ஓவியர் "இது கண்காட்சியா, சந்தையா?" என்று கேட்டார்.

அதிலிருந்து எங்கள் குழு இரண்டாகிவிட்டது. நடுவர்களை வைத்துத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும் என்கிறார்கள் சிலர். தேர்வு என்று வந்தால் அப்புறம் இது சமூகக் கலைக்கூடமே இல்லை என்கிறார்கள் மற்றவர்கள். உங்கள் கருத்து என்ன? இன்னொரு கேள்வியும் உண்டு. தொடக்கவிழா மாலையில் நிற்க இடமில்லை, மறுநாளிலிருந்து கூடத்தில் ஆளே இல்லை. யாருக்காக இதைச் செய்கிறோம்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். உங்கள் குழுவில் யாராவது இதைப் படித்தால் முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை.

நீங்கள் சண்டை போடுவது வாசலைப் பற்றி. காயம் பட்டது சுவரில். அந்தப் பெரியவரின் படத்தை யாரும் நிராகரிக்கவில்லையே. அன்போடு வாங்கிக்கொண்டீர்கள், எண் ஒட்டினீர்கள், பட்டியலில் பெயர் சேர்த்தீர்கள், பிறகு கழிப்பறைக் கதவுக்கு மேலே மாட்டினீர்கள். "இந்த முறை இடமில்லை ஐயா" என்று கையில் திருப்பிக் கொடுத்திருந்தால் அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இந்த வலி புதிதும் இல்லை, சின்ன இடங்களுக்கு மட்டும் உரியதும் இல்லை. லண்டனில் ராயல் அகாடமி என்ற கலைஞர்கள் அமைப்பை 1768இல் தொடங்கிய உறுப்பினர்களில் ஒருவர் ஓவியர் தாமஸ் கெய்ன்ஸ்பரோ. அங்கே 1769இலிருந்து ஆண்டுதோறும் கண்காட்சி நடக்கிறது. அந்தக் காலத்தில் தரையிலிருந்து கூரைவரை, சட்டகத்தோடு சட்டகம் ஒட்டி மாட்டுவார்கள். சுவரில் ஏறத்தாழ எட்டடி உயரத்தில் ஒரு கோடு. பெரிய முழு உருவப் படங்கள் அந்தக் கோட்டுக்கு மேலேதான் போகும், அது விதி. 1784இல் மூன்று இளவரசிகளின் படத்தைக் கெய்ன்ஸ்பரோ அனுப்பினார். மென்மையான ஒளியில் வரைந்திருக்கிறேன், ஐந்தரை அடிக்கு மேல் போனால் முகச்சாயலும் வேலைப்பாடும் தெரியாது, கீழே மாட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மாட்டும் குழு விதியைக் காட்டியது. அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டு போனவர், சாகும்வரை அங்கே ஒரு படம்கூட வைக்கவில்லை. அரச குடும்பத்தையே வரைந்தவர், அந்த நிறுவனத்தைக் கட்டியவர்களில் ஒருவர். அவர் பிரச்சினையும் இரண்டு மூன்று அடி உயரம்தான்.

சரி, தேர்வே கூடாது என்கிற உங்கள் நண்பர்களிடம் வருகிறேன். அவர்கள் பக்கம் நல்ல மரபு இருக்கிறது. 1884இல் பாரிஸில் சேரா, சின்யாக், ரெடோன் போன்ற ஓவியர்கள் சேர்ந்து சுதந்திரக் கலைஞர்களின் கண்காட்சியைத் தொடங்கியபோது அவர்களுடைய முழக்கமே 'நடுவரும் இல்லை, பரிசும் இல்லை' என்பதுதான். அதைப் பார்த்து 1917இல் நியூயார்க்கிலும் ஒரு சங்கம், கட்டணம் கட்டிய யாருடைய படைப்பையும் காட்டுவோம் என்று அறிவித்தது. மாட்டும் பொறுப்பு மார்செல் துஷாம்ப் என்ற கலைஞரிடம் இருந்தது. யாருக்கு நல்ல சுவர், யாருக்கு மூலை என்ற பேச்சே வேண்டாம் என்று பெயர்களின் அகரவரிசையில் மாட்டச் செய்தார். எந்த எழுத்திலிருந்து தொடங்குவது என்பதற்கும் சீட்டுக் குலுக்கினார்கள், 'ஆர்' வந்தது. அவ்வளவு நேர்மையான ஏற்பாடு. அதே சங்கம், பொய்க் கையெழுத்தோடு துஷாம்பே அனுப்பிய சிறுநீர்க் கோப்பையைக் காட்ட மறுத்துவிட்டது. அவர் பதவியை விட்டார்.

தேர்ந்தெடுக்காமல் கண்காட்சி வைக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. நீங்களும் தேர்ந்தெடுத்தீர்கள், தேர்ந்தெடுக்கிறோம் என்று தெரியாமல். எந்தப் படம் வாசலுக்கு நேரே, எது தூணுக்குப் பின்னால், எது கழிப்பறைக் கதவுக்கு மேலே என்று முடிவு செய்தது யார்? மாட்டுகிற நாளன்று களைத்துப்போய் ஏணியில் நின்றுகொண்டிருந்த ஒருவர். உங்கள் நடுவர் அவர்தான். பாவம், அவருக்கே அது தெரியாது.

இனிக் கணக்கைப் பார்ப்போம், உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த பகுதி அந்த மூன்று எண்கள். ஒரு படம் சராசரியாக 60 சென்டிமீட்டர் அகலம் என்று வையுங்கள். பக்கத்துப் படத்தோடு 40 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் படத்துக்கு ஒரு மீட்டர் சுவர். உங்கள் 80 மீட்டரில் 80 படங்கள் நிம்மதியாக நிற்கும். 212ஐ மாட்டினால் ஒன்றுக்கு 38 சென்டிமீட்டர்கூட வராது. படத்தின் அகலமே அதைவிட அதிகம், எனவே மேலே ஏறத்தான் செய்யும். சந்தை என்றவர் படங்களின் தரத்தைச் சொன்னாரா, நெரிசலைச் சொன்னாரா என்று கேட்டீர்களா? எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது.

94 பேருக்குத் தலைக்கு ஒரு படம் என்று விதியை மாற்றிப் பாருங்கள். 94 படங்கள். அவற்றில் சிறியவை 28ஐ மேலும் கீழுமாகச் சோடி சேர்த்தால் 14 மீட்டர். மீதி 66க்கு 66 மீட்டர். மொத்தம் 80, உங்கள் சுவர் அப்படியே சரியாகிவிட்டது. யாரையும் வெளியே நிறுத்தவில்லை. தேர்வும் நடந்துவிட்டது, அவரவர் வீட்டிலேயே. மூன்று படம் கொண்டுவருகிறவர்களில் பலர் எது நல்லது என்று முடிவு செய்ய முடியாமல்தான் மூன்றையும் தூக்கி வருகிறார்கள். அந்த முடிவை எடுக்க வேண்டிய ஆள் அவர்கள்தான். முதல் ஆண்டு முணுமுணுப்பு இருக்கும், இருக்கட்டும்.

நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய கலைக்கூடத்தில் படம் மாட்டும் குழுவுக்கு எடுபிடியாக இருந்தேன். எழுதுவது ஓடாமல் போன ஒரு காலம், கைக்கு வேலை வேண்டியிருந்தது. அங்கே இருந்த மூத்த பெண்மணி வந்தவுடன் ஆணி அடிக்க விடமாட்டார். படங்களையெல்லாம் சுவரடியில் சாய்த்து வைத்துவிட்டு அரைநாள் நடப்பார். இதை அங்கே, அதை இங்கே. ஒருநாள், முதல்முறையாகப் படம் கொடுத்த ஒருவர் கரிக்கோலால் வரைந்த ஒரு கை, கைதான், வேறு ஒன்றுமில்லை, பெரிய சிவப்புக் கேன்வாஸ் ஒன்றின் பக்கத்தில் இருந்தது. கண்ணுக்கே தெரியவில்லை. அதை எடுத்துப் பக்கச் சுவரில் தனியாக வைத்தார். அவ்வளவுதான், அந்தக் கை பேச ஆரம்பித்துவிட்டது. கண்காட்சி முழுக்க அதன் முன்னால் யாராவது நின்றுகொண்டே இருந்தார்கள். தொடக்கக்காரரின் படமும் தேர்ந்தவரின் படமும் ஒரே கூடத்தில் சேரும்போது வருகிற சிக்கலில் முக்கால்வாசி இப்படி இடம் மாற்றுவதில் தீர்ந்துவிடும். தீராத கால்வாசியும் உண்டு. ஒரு மீட்டர் சுவர் கிடைத்தும் நிற்காத படம் நிற்காதுதான். அதை வரைந்தவரே தள்ளி நின்று பார்ப்பார், அவருக்குத் தெரியும்.

அந்தப் பெண்மணியிடம் கற்ற இன்னொன்று உயரக் கணக்கு. படத்தின் மேல் விளிம்பையோ கீழ் விளிம்பையோ ஒரே வரிசையில் வைக்க முயலாதீர்கள். நடுப்புள்ளி எல்லாம் தரையிலிருந்து 150 சென்டிமீட்டரில் இருக்கட்டும். ஐந்து சென்டிமீட்டர் முன்னே பின்னே போகலாம், ஆனால் கூடம் முழுக்க ஒரே அளவு. ஆணி எங்கே? படத்தின் உயரத்தில் பாதியை 150உடன் கூட்டுங்கள். பின்னால் இருக்கும் கம்பியை விரலால் மேலே இழுத்துப் பிடித்து, அங்கிருந்து சட்டகத்தின் மேல் விளிம்புவரை அளந்து அதைக் கழியுங்கள். 60 சென்டிமீட்டர் உயரப் படம், கம்பி 8 சென்டிமீட்டர் கீழே என்றால் ஆணி 172இல். ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். கண்ணை நம்பாதீர்கள், மாலை நேரத்துக் கண்ணை அறவே நம்பாதீர்கள். சின்னப் பிள்ளைகள் வரைந்தவற்றுக்கு மட்டும் இந்த 150ஐ விட்டுவிட்டு, அவர்கள் கண்ணுக்கு நேராக இறக்கி மாட்டலாம். பெரியவர்கள் குனிந்து பார்க்கட்டுமே.

பின்புறத்தில் 'மேல்' என்று எழுதி அம்புக்குறி போடச் சொல்லுங்கள். நான் மாட்டிய ஒரு அரூப ஓவியம் மூன்று நாள் தலைகீழாகத் தொங்கியது, ஓவியரின் மகன் வந்து சிரித்தபோதுதான் தெரிந்தது. கூனிக் குறுகிப்போனேன். பிறகுதான் ஆறுதலாக ஒரு செய்தி கிடைத்தது. 1961இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஓவியர் மட்டீஸின் 'படகு' என்கிற காகித ஓவியம் 47 நாள் தலைகீழாகத் தொங்கியிருக்கிறது. லட்சம் பேருக்கு மேல் கடந்துபோனார்கள். கண்டுபிடித்துச் சொன்னவர் பங்குச் சந்தைத் தரகு வேலை பார்த்த ஒரு பெண்மணி, சாதாரணப் பார்வையாளர்.

வெளிச்சத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஒரு வார்த்தை மட்டும். நீர்வண்ணம், காகிதம், துணி எல்லாவற்றுக்கும் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும், எண்ணெய்வண்ணத்துக்கு 200. ஒளி செய்யும் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்பாது. ஜன்னலுக்கு எதிரே நீர்வண்ணம் வேண்டாம்.

என்றைக்காவது ஆட்கள் இரட்டிப்பாகி நடுவர்களை வைத்தே ஆகவேண்டிய நிலை வந்தால் வையுங்கள், அதில் பாவம் ஒன்றுமில்லை. ஆனால் ஆண்டுதோறும் ஆளை மாற்றுங்கள், பெயரை மறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், திருப்பி அனுப்பும் படத்தோடு இரண்டு வரி காரணம் போகட்டும். 'வருந்துகிறோம்' என்ற அச்சடித்த தாள் வேண்டாம். பத்திரிகைகளிலிருந்து அப்படி நிறைய வாங்கியவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்வி. தொடக்கவிழாக் கூட்டம் படம் பார்க்க வருவதில்லை, மனிதர்களைப் பார்க்க வருகிறது. அன்றைக்குச் சுவருக்கு முதுகு காட்டித்தான் எல்லோரும் நிற்பார்கள், உங்கள் புகைப்படங்களையே எடுத்துப் பாருங்கள். மறுநாள் வரும் நான்கு பேர்தான் பார்வையாளர்கள். அவர்களை எண்ணிக் கவலைப்படுவதைவிட அவர்கள் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று கவனியுங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், உலகப் புகழ்பெற்ற ஓவியங்களின் முன் மக்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அளந்து 2001இல் வெளியிட்டார்கள். சராசரி 27 விநாடி. பாதிப் பேருக்கு 17 விநாடிக்கு மேல் இல்லை. அங்கேயே அப்படியென்றால் உங்கள் கூடத்தில் ஒருவர் ஒரு நிமிடம் நின்றாலும் பெரிய விஷயம். உட்கார ஒரு பெஞ்சு போட்டிருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

நிற்க வைக்க ஒரு பழைய வழி இருக்கிறது, ஆள். சாமுவேல் பார்னெட் என்ற பாதிரியாரும் அவர் மனைவி ஹென்றியெட்டாவும் 1881இலிருந்து கிழக்கு லண்டனின் ஏழைப் பகுதியில், தேவாலயத்தை ஒட்டிய பள்ளி அறைகளில் ஓவியக் கண்காட்சி வைத்தார்கள். படங்கள் கடன் வாங்கியவை. மக்களுக்கு ஓய்வு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்தார்கள், அதற்கு மதப்பற்றாளர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது, பொருட்படுத்தவில்லை. பார்னெட்டே படங்களின் முன் நின்று விளக்கிப் பேசுவார். அந்த முயற்சி வளர்ந்துதான் 1901இல் வைட்சேப்பல் கலைக்கூடம் ஆனது. 1939இல் பிக்காசோவின் புகழ்பெற்ற ஓவியம் 'குவெர்னிக்கா' வந்து நின்றதும் அங்கேதான். உங்களிடம் கடன் படம் இல்லை, அதைவிட நல்லது இருக்கிறது: வரைந்தவர்கள் எல்லோரும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு பிற்பகல், முறை போட்டு ஒருவர் தன் படத்தின் அருகே உட்காரட்டும். சொற்பொழிவு வேண்டாம், கேட்டால் பதில் சொன்னால் போதும். மாட்டுகிற நாளையும் கதவைத் திறந்து வைத்து யாரும் வந்து பார்க்கலாம் என்று அறிவியுங்கள். ஏணியும் ரசமட்டமும், 'இன்னும் ஒரு விரல் இடப்பக்கம்' என்ற சண்டையும் தொடக்கவிழா உரைகளைவிட நிச்சயம் சுவாரசியம்.

இந்தக் கண்காட்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா, முடிந்துவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. நடந்துகொண்டிருந்தால், குழுக் கூட்டமெல்லாம் அப்புறம். இன்றைக்கே ஏணியைப் போட்டு அந்த நிலக்காட்சியை இறக்குங்கள். உங்கள் சொந்தப் படம் ஏதாவது சுவரில் இருந்தால் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மாட்டுங்கள், நடுப்புள்ளி 150இல். பிறகு பெரியவருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். குறுஞ்செய்தி அனுப்பாதீர்கள்.

அன்புடன்.