கையில் எடுத்தது நழுவுகிறதே, இது கவனக்குறைவா?

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "எனக்கு 38 வயது. சிறு வயதிலிருந்தே என் கையில் எதுவும் தங்காது. டம்ளர் நழுவும், மேசை முனையில் இடுப்பு இடிக்கும், கதவுத் தாழ்ப்பாளில் துப்பட்டா மாட்டும். எங்கே இடித்துக்கொண்டேன் என்றே நினைவில்லாத கன்றல்கள் எப்போதும் உடம்பில் இருக்கும். புகுந்த வீட்டில் பீங்கான் பாத்திரங்களை என்னிடம் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். என் 9 வயது மகனும் என்னைப் போலவே இருக்கிறான். சட்டைப் பொத்தான் போடத் திணறுகிறான், பந்தைப் பிடிக்க வரவில்லை. மூன்று நான்கு மாதங்களாக எனக்கு வலது கையில் பொருள் நழுவுவது இன்னும் அதிகமாகியிருக்கிறது. இது கவனக்குறைவா, நோயா? யாரைப் பார்க்க வேண்டும்?"

பொத்தான் போடுவது, சோறு பிசைந்து உண்பது, பேனா பிடிப்பது போன்ற அன்றாடக் கைவேலைகளில் தடுமாறுபவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நான். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது, மூன்று நான்கு மாதங்களாக வலது கையில் நழுவுவது அதிகமாகியிருக்கிறது என்று நீங்கள் கடைசியில் எழுதிய வரிதான். எங்களிடம் வருபவர்களிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வியே "எப்போதிலிருந்து?" என்பதுதான், ஏனென்றால் பிறந்ததிலிருந்து கூடவே வரும் தடுமாற்றமும் அண்மையில் புதிதாகச் சேர்ந்துகொண்ட தடுமாற்றமும் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் காரணத்தில் வேறானவை. முதலாவதற்கு நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டாவதை நீங்கள் தள்ளிப்போடக் கூடாது. வலது கைக்குப் பிறகு வருகிறேன்.

டம்ளர் ஏன் நழுவுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அது ஏன் பெரும்பாலானவர்களுக்கு நழுவுவதில்லை என்று பார்க்க வேண்டும். சூடான காப்பி உள்ள எவர்சில்வர் டம்ளரை மேல் விளிம்பில் இரண்டு மூன்று விரல்களால் பிடித்துத் தூக்கும்போது, அதன் எடைக்கும் வழுவழுப்புக்கும் தேவையான அழுத்தத்தைவிடச் சற்றே கூடுதலான அழுத்தத்தை மட்டும் விரல்கள் தருகின்றன. சுவீடனைச் சேர்ந்த ஜோஹான்சன், வெஸ்ட்லிங் என்ற இரு ஆய்வாளர்கள் 1984இல் இதை நுட்பமாக அளந்து காட்டினார்கள். பொருள் கண்ணுக்குத் தெரியாத அளவு சறுக்கத் தொடங்கினாலே விரல் நுனித் தோலிலுள்ள உணரிகள் செய்தி அனுப்புகின்றன. ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள், நாம் நினைப்பதற்கு முன்பே, பிடி இறுகிவிடுகிறது. அந்தக் கூடுதல் அழுத்தத்தை எவ்வளவு வைப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். குறைவாக வைப்பவர் கையிலிருந்து ஈர டம்ளர் நழுவும்; அதிகமாக வைப்பவர் கையில் காகிதக் கோப்பை நசுங்கிப் பால் சிந்தும்.

இதில் இன்னொரு பகுதியும் உண்டு. நிறைந்திருக்கிறது என்று நம்பித் தூக்கிய தண்ணீர்க்குடம் காலியாக இருந்தால் கை வேகமாக மேலே போய்விடுவதை எல்லோரும் அனுபவித்திருப்போம். தூக்குவதற்கு முன்பே எவ்வளவு விசை வேண்டும் என்று மூளை கணித்து வைத்துவிடுகிறது என்பதற்கு அதுவே சான்று. இந்த முன்கணிப்பையும், கணிப்பு பிசகினால் அடுத்த முறைக்குத் திருத்திக்கொள்வதையும் பெருமளவு பார்த்துக்கொள்வது பின்மண்டையின் அடியில் இருக்கும் சிறுமூளை. எடையில் அது மூளையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் என்றாலும், மூளையின் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி அங்கேதான் இருக்கின்றன. ஒரு டம்ளரைச் சிந்தாமல் வைப்பது எத்தனை பெரிய வேலை என்பதற்கு இதைவிட நல்ல அளவு எனக்குத் தெரியாது.

இந்தக் கணிப்புக்கு வேண்டிய தகவலைத் தருவது கண் மட்டுமல்ல. கண்ணை மூடிக்கொண்டும் உங்கள் விரலால் மூக்கைத் தொட முடிகிறதென்றால், தசைகளுக்குள்ளும் தசைநாண்களிலும் மூட்டுகளிலும் இருக்கும் நுண்ணிய உணரிகள் கை எங்கே இருக்கிறது என்று ஓயாமல் மூளைக்குச் சொல்லிக்கொண்டிருப்பதால்தான். இதற்குப் புரோப்பிரியோசெப்ஷன் என்று 1906இல் பெயர் வைத்தவர் ஆங்கிலேய உடலியலாளர் செரிங்டன். உடலிருப்பு உணர்வு என்று சொல்லலாம். இந்த உணர்வை அடியோடு இழந்தால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் வாட்டர்மனின் வாழ்க்கை காட்டியது. 1971இல், தம் 19ஆம் வயதில், ஒரு தொற்றுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வும் உடலிருப்பு உணர்வும் அவருக்குப் போய்விட்டன. தசைகளில் வலு அப்படியே இருந்தும் அவரால் நிற்கக்கூட முடியவில்லை. ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்தே நடக்கக் கற்றுக்கொண்டார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார்.

உங்களுக்கு அப்படி எதுவும் போய்விடவில்லை. ஆனால் குரலும் உயரமும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதைப் போலவே இந்த உணர்வின் துல்லியமும் வேறுபடுகிறது. மூட்டுகள் இயல்பைவிட அதிகமாக வளைபவர்களில் பலருக்கு அது சற்று மழுங்கலாக இருக்கும். பெருவிரலை முன்கையில் தொடும்படி மடக்க முடிகிறதா, முழங்கை பின்பக்கமாக வளைகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிறு வயதில் ஒரு கண் சோம்பலாக இருந்து கவனிக்கப்படாமல் போயிருந்தால் ஆழத்தை மதிப்பிடுவதில் குறை இருக்கும். அப்படிப்பட்டவர்கள் மேசை ஓரத்துக்கு வெளியே பாத்திரத்தை வைப்பார்கள். இடது கைப்பழக்கம் உள்ளவரா நீங்கள் என்று எழுதவில்லை. கத்தரிக்கோல் முதல் அரிவாள்மனை வரை வலது கைக்காரர்களுக்கென்றே அமைந்த ஒரு சமையலறையில், சிறு வயதில் கை மாற்றிப் பழக்கப்பட்ட ஒருவர் தடுமாறுவதை அவர் குறையாகச் சொல்வது நியாயமில்லை.

தூக்கத்தை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை-கண் ஒத்திசைவு, 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று 1997இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 30 மில்லிகிராம்தான். காலை 5 மணிக்கு எழுந்து இரவு 10 மணிக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் ஒரு பெண் சரியாக 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அந்த நேரத்தில் கை தவறி உடைந்த தட்டுக்காக அவரைத் திட்டுவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

திட்டுவதற்கும் தவறுவதற்கும் நேரடியான தொடர்பே உண்டு. பழகிய வேலை தானாக நடக்கும்போது சீராக நடக்கிறது. யாராவது பக்கத்தில் நின்று "பார்த்து, பார்த்து" என்று சொன்னதும், அதுவரை தானாக ஓடிக்கொண்டிருந்த அசைவை நாம் எட்டிப் பிடித்து நடத்தப் பார்க்கிறோம், அங்கேதான் அது குலைகிறது. விரல் எப்படி இருக்கிறது என்று தன் உடலைக் கவனிப்பவரைவிட, டம்ளரின் விளிம்பையோ அதை வைக்கப்போகும் இடத்தையோ கவனிப்பவர் நன்றாகச் செய்கிறார் என்று அசைவுக் கல்வி பற்றிய ஆய்வுகள் 1990களின் இறுதியிலிருந்து தொடர்ந்து காட்டிவருகின்றன. பதறாத காரியம் சிதறாது என்று நாம் சொல்வதை, பதறுபவருக்கு அறிவுரையாகச் சொல்லிப் பயனில்லை. பதற வைக்காமல் இருக்க வேண்டியவர்களுக்குச் சொல்ல வேண்டும். பீங்கான் பாத்திரங்களை உங்களிடமிருந்து விலக்கி வைத்ததில் உங்கள் வீட்டாருக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் கையாளக் கிடைக்காத பொருளின் எடையையும் வழுக்கலையும் சிறுமூளை எந்தக் காலத்திலும் கற்றுக்கொள்ள முடியாது. அதனால் விலக்கியது உதவியல்ல.

வீட்டில் நீங்கள் செய்துகொள்ளக்கூடிய மாற்றங்கள் எளியவை. கையைத் துடைத்துவிட்டுப் பாத்திரத்தைத் தொடுங்கள். சூடானதை இடுக்கியால் எடுங்கள். ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு மறு கையில் எதையும் தூக்காதீர்கள். இடுப்பில் இடிக்கும் அந்த மேசையை ஒரு சாண் நகர்த்த முடிந்தால், "கவனமாக நடக்க வேண்டும்" என்று நூறு முறை சொல்லிக்கொள்வதைவிட அது பயன் தரும். எங்கும் இடிக்காமலே கன்றல்கள் தோன்றினாலோ, ஈறில் இரத்தம் கசிந்தாலோ மட்டும் இரத்தப் பரிசோதனை தேவை.

மகனைப் பற்றி. 9 வயதிலும் பொத்தான் போடுவதும் பந்து பிடிப்பதும் கடினமாக இருந்து, அது அவனுடைய பள்ளி வாழ்க்கையையும் விளையாட்டையும் பாதிக்கிறதென்றால், வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடு, அதாவது கைகால் அசைவுகளை ஒத்திசைப்பதில் சிறு வயதிலிருந்தே உள்ள தடுமாற்றம், இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளி வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு 5 அல்லது 6 பேருக்கு இது இருக்கிறது. ஆண் பிள்ளைகளிடம் அதிகம். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். கவனச்சிதறல் குறைபாட்டோடு சேர்ந்தும் அடிக்கடி வரும். அறிவுத்திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கணக்கில் முதலாவதாக வரும் பிள்ளையின் நோட்டுப் புத்தகம் அடித்தல் திருத்தலாக இருக்கலாம். வளர்ந்த பிறகும் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் இது ஏதோ ஒரு வடிவில் நீடிக்கிறது, ஆகவே உங்களுக்கே அந்த வயதில் இது இருந்திருக்கலாம். அன்று யாரும் பெயர் சொல்லவில்லை.

இதற்கு மருந்து கிடையாது, பொதுவான உடற்பயிற்சியால் மட்டும் தீர்வதும் இல்லை. எந்த வேலை வரவில்லையோ அந்த வேலையையே சிறு துண்டுகளாக்கிப் பழக்குவதுதான் பலன் தருகிறது. பொத்தானையே எடுத்துக்கொள்வோம். கழுத்துப் பொத்தான் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே அடிப் பொத்தானில் தொடங்குங்கள். முதலில் நீங்கள் பொத்தானைத் துளையில் பாதி நுழைத்துக் கொடுத்து, மீதியை அவன் இழுக்கட்டும். அது கைவந்ததும், ஒரு கைப் பெருவிரலால் பொத்தானை விளிம்போடு தள்ளிக்கொண்டே மறு கையால் துணியை எதிர்ப்பக்கம் இழுப்பதைக் காட்டுங்கள். தவறும்போது நீங்கள் திருத்திவிடாமல், "எங்கே மாட்டிக்கொண்டது, அடுத்து என்ன செய்து பார்க்கலாம்?" என்று கேளுங்கள், தானே கண்டுபிடித்த வழியைத்தான் குழந்தை நாளைக்கும் நினைவில் வைத்திருக்கும். பள்ளிக்கு அவசரமாகக் கிளம்பும் காலையில் இதைச் செய்யாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை மாலையில் செய்யுங்கள். தமிழ்நாட்டில் டி.இ.ஐ.சி. என்று அழைக்கப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் 18 வயது வரையுள்ளவர்களுக்கு இந்த மதிப்பீடு கட்டணமின்றிக் கிடைக்கும். அதற்கு முன் ஒரு முறை கண் பரிசோதனை செய்துவிடுங்கள்.

இப்போது உங்கள் வலது கை. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றில் மரத்துப்போகும் உணர்வு இருக்கிறதா, நடு இரவில் விழித்துக் கையை உதறிவிட்டுப் படுக்கிறீர்களா என்று கவனியுங்கள். அப்படியிருந்தால் மணிக்கட்டில் நடு நரம்பு நெருக்கப்படுவதே முதல் சந்தேகம். நடுத்தர வயதுப் பெண்களிடம் இது மிகவும் சாதாரணம், தைராய்டு சுரப்புக் குறைவும் சர்க்கரை நோயும் இதைக் கூட்டும். இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டை அணிந்தாலே ஆரம்பத்தில் பலருக்குக் குறைகிறது. நரம்புக் கடத்தல் பரிசோதனையில் இது உறுதியாகும்.

கழுத்தையும் மறந்துவிடக் கூடாது. கையை முழுதாக விரித்து முழுதாக மூடுவதை 10 நொடியில் 20 முறை செய்ய முடிய வேண்டும்; அதைவிடத் தெளிவாகக் குறைந்து, கால்களும் இறுக்கமாகத் தோன்றினால், கழுத்துப் பகுதி முள்ளெலும்பு தண்டுவடத்தை அழுத்துகிறதா என்று நரம்பியல் மருத்துவர் விரைவில் பார்க்க வேண்டும். கழன்று போன செருப்பு காலில் இல்லை என்பதே தெரியாமல் நடந்திருந்தால், அல்லது முகம் கழுவக் கண்ணை மூடும்போது ஆட்டம் கண்டால், பாத நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்போது சர்க்கரையோடு வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். சுத்த சைவ உணவு உண்பவர்களுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாக எடுப்பவர்களுக்கும் பி12 குறைவது வழக்கம். வலிப்பு மருந்துகளும், தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரைகளும்கூடத் தடுமாற்றம் தரும்.

ஒரு கை திடீரென்று வலுவிழந்தாலோ, அதோடு வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ, பக்கவாதமாக இருக்கலாம் என்பதால் மருத்துவர் நேரம் கேட்டுக் காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்; இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே அவகாசம்.

உங்களுக்கு அப்படித் திடீரென்று வரவில்லை, ஆகவே பயப்பட வேண்டாம், ஆனால் இரண்டு வாரத்துக்குள் பொது மருத்துவரைப் பாருங்கள். அதுவரை எது நழுவியது, எந்த விரலிலிருந்து, என்ன நேரத்தில், அப்போது விரல் மரத்திருந்ததா என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். அந்தத் தாளை மருத்துவரிடம் நீட்டி, சிறு வயதுக் கதையைச் சொல்வதற்கு முன்பே, "இது மூன்று நான்கு மாதங்களாகத்தான், வலது கையில் மட்டும்" என்று முதலில் சொல்லுங்கள்.