பிறந்த வீட்டுக் கோடி

மேடம், வணக்கம். எனக்கு 65 வயது, கோத்தகிரியில் தனியாக இருக்கிறேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். என் வீட்டுக்காரருக்கு இந்தக் குளிர் பிடிக்கும் என்பதற்காகவே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு 2014-இல் இங்கே சின்னதாக ஒரு வீடு வாங்கி வந்தோம். வந்த இரண்டாவது வருடம் அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், கோயம்புத்தூருக்கும் கோத்தகிரிக்குமாக இரண்டரை வருடம் அலைந்து, 2018-இல் அவர் போய்விட்டார்.

நான் எழுத வந்தது அவரைப் பற்றி இல்லை, பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றி. குடிவந்த முதல் மாதமே ஒரு நாள் விடியற்காலையில் கதவைத் திறந்தால் வாசலில் காட்டெருமை நிற்கிறது, நான் கத்தப்போன நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல், "டீச்சரம்மா, சத்தம் போடாம உள்ள போங்க, அது பாட்டுக்குப் போயிரும்." அப்படித்தான் பழக்கம். எனக்கு 54, அவங்களுக்கு 60.

அக்கா இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவங்க. தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 1973-இல், 19 வயதில், அப்பா அம்மாவோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு மலை ஏறியவங்க. கல்யாணமான அண்ணனுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்ததால் அவர் அங்கேயே நின்றுவிட்டார். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அண்ணனுக்குப் போன கடிதமெல்லாம் என் கையெழுத்துதான், அதனால் அவங்க வாழ்க்கை முழுக்க எனக்குத் தெரியும்.

தினமும் நாலு மணிக்கு வேலியோரம் இருக்கும் என் திண்ணைக்கு வந்துவிடுவாங்க. பால் ஊற்ற விடமாட்டாங்க, வெறும் தேத்தண்ணிதான். உள்ளங்கையில் கொஞ்சம் சீனியைக் கொட்டிக்கொண்டு, நாக்கு நுனியால் அதைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு மிடறாகக் குடிப்பாங்க. கொழுந்து பறிக்கிறதை விட்டுப் பல வருடமாகியும் அந்த விரல் வெடிப்புகளில் கறை போகவே இல்லை.

அண்ணன் இறந்த செய்தி வந்த பிறகு ஒரு நாள் பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாங்க, "நான் செத்தா பொறந்த வீட்டுக் கோடி போட ஆளில்ல டீச்சரம்மா." நான் போடுகிறேன் அக்கா என்றேன். போன ஐப்பசியில், நல்ல மழை, ராத்திரி தூக்கத்திலேயே உயிர் போய்விட்டது. மறுநாள் "பொறந்த வீட்டுக் கோடி யாரு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். யாரும் பேசவில்லை. என் மடியில் பை, பைக்குள் பச்சைச் சுங்குடிச் சேலை, பிரிக்காதது. நான் எழுந்திருக்கவே இல்லை மேடம். வேற ஊர், வேற சாதி, அத்தனை பேர் நடுவில் நான் யார் என்று தோன்றிவிட்டது. கடைசியில் அவங்க நாத்தனார் வீட்டிலிருந்து யாரோ போட்டாங்க.

ஏழு மாதமாகிறது. சமைக்கிறேன், மார்க்கெட் போகிறேன், தூங்குகிறேன், நாலு மணியானால் மட்டும் அழுகை வந்துவிடுகிறது. பெங்களூரில் இருக்கும் மகன் "பக்கத்து வீட்டம்மாதானேம்மா, இன்னுமா? ஒரு டாக்டரைப் பாரு" என்கிறான். அவனிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. என் வீட்டுக்காரர் போனபோதுகூட நான் இப்படி அழவில்லை. அதை நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது. இது நோயா, இல்லை நான்தான் தப்பான மனுஷியா?

— கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

நீங்கள் தப்பான மனுஷி இல்லை. உங்கள் கடிதத்தில் தெரிவது நோயும் இல்லை. சாப்பிடுகிறீர்கள், தூங்குகிறீர்கள், மார்க்கெட்டுக்குப் போகிறீர்கள், தோழி வருகிற நேரத்துக்கு மட்டும் அழுகிறீர்கள். பத்து வருடத்துக்கு மேல் தினமும் நாலு மணிக்கு ஒருவர் வந்திருக்கிறார், அந்த நேரம் ஏழு மாதத்தில் வெறும் நேரமாக மாறிவிடாது.

துக்கம் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு நீள்வதும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு அதற்குக் குறைந்தது ஆறு மாதம் என்கிறது, அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2022-இல் பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்று வைத்தது. ஆனால் இரண்டுமே நாளை மட்டும் எண்ணுவதில்லை. அன்றாட வாழ்க்கை நடக்காமல் முடங்கிப்போகிறதா என்பதையும் சேர்த்தே பார்க்கின்றன. நாலு மணி அழுகை நாள் முழுக்கப் பரவினால், தூக்கமும் சாப்பாடும் போனால், நாமும் போய்விடலாம் என்று ஒரு தடவை தோன்றினால்கூட, எனக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்காமல் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மனஸ் என்கிற அரசு உதவி எண் அது, இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம்.

மகன் மீது கோபப்படாதீர்கள், அவருக்கு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு அம்மா, அவ்வளவுதான். கென்னத் டோகா என்கிற அமெரிக்க ஆய்வாளர் 1989-இல் இந்த மாதிரி துக்கத்தைப் பற்றி ஒரு புத்தகமே கொண்டுவந்தார். இழப்பு உண்மையாக இருக்கும், ஆனால் துக்கப்பட உங்களுக்கு உரிமை உண்டு என்று சுற்றியிருப்பவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதனால் அழுகையையும் ஒளித்துத்தான் அழ வேண்டியிருக்கும். நம் சாவு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீர்மாலை எடுக்க, கோடி போட, வாய்க்கரிசி போட என்று ஒவ்வொரு உறவுக்கும் ஒரு வேலை இருக்கிறது, தோழிக்கு என்று ஒன்றுகூட இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது, உங்களைப் போல எழுதுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அந்த எண்ணம் இன்னும் உறுதியாகியிருக்கிறது.

அடுத்தது உங்கள் வீட்டுக்காரர். இரண்டரை வருடம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தபோதே அவருக்கான துக்கத்தில் பாதியை நீங்கள் அழுது முடித்திருப்பீர்கள், ராத்திரி பஸ்ஸிலும் வார்டு வராந்தாவிலும். அவர் போனபோது சொந்தக்காரர்கள் வந்தார்கள், சடங்கு நடந்தது, ஊரே துக்கம் கேட்டது, அது மட்டுமில்லாமல் வேலிக்கு அந்தப் பக்கம் அக்காவும் இருந்தாங்க. இப்போது அக்கா போய்விட்டாங்க, உங்களிடம் துக்கம் கேட்க ஒருவரும் வரவில்லை, திண்ணையில் உட்கார அக்காவும் இல்லை. இரண்டு அழுகையையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் அம்மா. இப்போது வருகிற கண்ணீரில் அவருக்கானதும் கொஞ்சம் கலந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, அந்தச் சேலை. அன்றைக்கு நீங்கள் எழுந்திருக்காதது துரோகம் இல்லை. அத்தனை பேர் நடுவில் ஒரு நொடியில் எடுக்க வேண்டிய முடிவு அது, பழகிய ஆட்களே தயங்குவார்கள். ஆனால் உறுத்துகிறது இல்லையா, அதனால் இதற்கு ஒரு வழி செய்யலாம். ஐப்பசியில் தலைத்திவசம் வரும், படையலில் புதுத்துணி வைப்பார்கள். அக்காவுக்கு மகளோ மகனோ, வீட்டில் யார் பொறுப்பில் இருக்கிறார்களோ அவர்களிடம் போய், பூண்டு உரித்த அன்று நடந்த பேச்சை அப்படியே சொல்லுங்கள். சேலையைப் படையலில் வைக்கலாமா என்று கேளுங்கள். படைத்த பிறகு அந்த வீட்டுப் பெண்ணில் ஒருத்தி அதைக் கட்டிக்கொள்ளட்டும். வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயப்படுவீர்கள். சொல்லலாம்தான், ஆனால் அம்மாவின் கடிதத்தையெல்லாம் எழுதிக்கொடுத்த டீச்சரம்மாவை அந்தப் பிள்ளைகள் அன்னியமாக நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஹட்டன் லயத்திலிருந்து மண்டபம் வரைக்கும் அக்கா சொன்னதில் எத்தனை விஷயம் அவங்க பிள்ளைகளுக்குத் தெரியும்? பெற்ற பிள்ளையிடம் சொல்லாததைத் தோழியிடம் சொல்கிறவர்கள் நிறைய பேர். நாலு மணிக்கு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அதே திண்ணையில் உட்காருங்கள், அண்ணனுக்கு எழுதினது நினைவுக்கு வருகிறபடி எழுதுங்கள், முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. அழுகை வந்தால் அழுதுவிட்டு எழுதுங்கள். பேரப்பிள்ளைகள் இருந்தால் படித்துக் காட்டலாம்.

திவசத்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, ஆனால் அந்த வீட்டில் இந்த வாரமே பேசிவிடுங்கள். அப்புறம் அந்தச் சுங்குடியை இன்றைக்கே பையிலிருந்து எடுத்து, ஒரு வெயில் நேரம் பார்த்துக் காற்றாட உதறி மடித்து வையுங்கள், உங்கள் ஊர் ஈரத்துக்குப் பைக்குள்ளேயே கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடும்.