மஞ்சள் ஏன் சிவக்கவில்லை?

கேள்வி: மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்துக் காகிதத்தில் பூசி, பாத்திரம் கழுவும் லிக்விடைச் சொட்டவிட்டோம். சிவக்கும் என்று மகளிடம் சொல்லியிருந்தேன். சிவக்கவில்லை. எலுமிச்சைச் சாறு விட்டும் அப்படியே இருக்கிறது. எங்கே தப்பு? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: மஞ்சள் மேல் பழி போடாதீர்கள். கையை உறுத்தக்கூடாது என்பதற்காக, பல லிக்விடுகளில் காரத்தன்மை (புளிப்புக்கு எதிரான, சோப்பு, சுண்ணாம்பு போன்றவற்றின் குணம்) இல்லாதபடிதான் தயாரிக்கிறார்கள். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின், பிஎச் (காரம் கூடக் கூட ஏறும் அளவு) 7.4-ஐத் தாண்டினால்தான் நிறம் மாறத் தொடங்கும், 8.6 வாக்கில் நன்றாகச் சிவக்கும். ஆப்ப சோடா கரைசலே ஏறக்குறைய 8.3 என்பதால், செம்மஞ்சளோடு நின்றுவிடலாம். துணி துவைக்கும் பார் சோப்பை ஈரத்தோடு தேய்த்துப் பாருங்கள், உடனே சிவக்கும். குழம்பு சிந்திய சட்டை துவைக்கும்போது சிவப்பதும் இதனால்தான்.

இன்னும் அடர்ந்த சிவப்பு வேண்டுமென்றால் வெற்றிலைச் சுண்ணாம்பு. பட்டாணி அளவு எடுத்துக் கால் டம்ளர் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, மேல்நீரில் இரண்டு சொட்டு போதும். ஆரத்தி கரைக்கத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல! சுண்ணாம்பைப் பெரியவர்கள்தான் கையாள வேண்டும். கண்ணில் பட்டால் ஆபத்து.

எலுமிச்சை வேலை செய்யாததிலும் தப்பில்லை. புளிப்பிலும் மஞ்சள்தான், வெறும் தண்ணீரிலும் மஞ்சள்தான். முதலில் காகிதத்தைச் சிவக்க வைத்து, அதன்மேல் சாற்றை விடுங்கள். பட்ட இடம் மட்டும் மஞ்சளுக்குத் திரும்பும். உலரும்வரை காத்திருக்க வேண்டாம். காரத்தில் குர்குமின் சிதைந்து, சிவப்பு மங்கிவிடும்.

காகிதம் திட்டுத்திட்டாக இருந்தால், குர்குமின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாததே காரணம். ஒரு டீஸ்பூன் மஞ்சளை நாலு டீஸ்பூன் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பத்து நிமிடம் ஊறவைத்து, தெளிந்ததில் டிராயிங் தாளை நனைத்து, நிழலில் காயவையுங்கள். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு இருக்கும் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: புளிப்பைத் தனியாகக் காட்டும் நிறம் எதுவும் இல்லையா? (வாசகர், காரைக்குடி)

பதில்: வேலியோரச் சங்குப்பூ இருக்கிறதே! நீலப்பூ பத்து, காம்பு கிள்ளி, ஒரு டம்ளர் வெந்நீரில் ஐந்து நிமிடம். வடிகட்டிய நீலநீரில் எலுமிச்சைச் சாறு சொட்டினால் ஊதா, இன்னும் விட்டால் இளஞ்சிவப்பு. ஆப்ப சோடா போட்டால் பச்சை கலந்த நீலம். சாற்றை மொத்தமாகக் கொட்டினால் இடையில் வரும் ஊதா கண்ணில் படாமலே போய்விடும்; மருந்து டிராப்பரால் சொட்டுச் சொட்டாக விடச் சொல்லுங்கள். வெள்ளைச் சங்கு இதற்கு உதவாது.