பவர் கண்டிஷனர் வாங்கும் முன்: கேள்வி பதில்

வீட்டில் பாட்டுக் கேட்பதற்கென்று ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் வைத்திருக்கும் சிங்கப்பூர் வாசகர்கள், மின்சாரத்தைச் சீர்செய்யும் கருவிகள் குறித்துக் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான என் பதில்களும் இவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

தெம்பனிஸ் வாசகர்: ஐயா, சிங்கப்பூர் மின்சாரம் அழுக்கானது, 1,800 வெள்ளி கண்டிஷனர் இல்லாமல் நல்ல ஒலி கிடைக்காது என்று ஒரு கடையில் சொன்னார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

கண்டிஷனர் என்ற ஒரே பெயரில் ஐந்து வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன: மின்னழுத்தம் திடீரென்று எகிறுவதைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர், இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர், கருவியை மின்கம்பியோடு நேரடித் தொடர்பின்றிப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், மின்னழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் ஸ்டெபிலைசர், மின்சாரத்தை முழுவதுமாகப் புதிதாக உண்டாக்கித் தரும் ரீஜெனரேட்டர். உங்கள் வீட்டில் என்ன குறை என்று கேட்காமலே ஒருவர் விலை சொன்னால், அவரிடம் இந்த ஐந்தில் எது அது என்று முதலில் கேளுங்கள். இங்கே மின்விநியோகம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்னழுத்தம் 6 விழுக்காட்டுக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்பது விதி, அதாவது 216 முதல் 244 வோல்ட் வரை. ஊரில் கோடைக்கால மாலைகளில் விளக்கு மங்குவதைப் பார்த்துப் பழகிய நாம் இங்கும் ஸ்டெபிலைசரைத் தேடுகிறோம், ஆனால் இங்கு அதற்கு வேலை கிடையாது. ஒலியில் குறை எதுவும் காதில் விழாத வீட்டுக்கு நல்லதொரு சர்ஜ் புரொடெக்டர் போதும்.

ஈசூன் வாசகர்: பாட்டு நின்றதும் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கேட்கிறது. மடிக்கணினி, டிஜிட்டல் ஒலியை அனலாக் ஒலியாக மாற்றும் டிஏசி வழியாக ஆம்ப்ளிஃபயரோடு இணைந்திருக்கிறது. டிவியும் அதே ஆம்ப்ளிஃபயரில்தான். ஃபில்டர் வைத்தால் போய்விடுமா?

பெரும்பாலும் போகாது. முதலில் முனகல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஆம்ப்ளிஃபயர் பெட்டியின்மேல் காதை வைத்தால் கேட்கிறதா, அல்லது ஸ்பீக்கரிலிருந்து வருகிறதா? பெட்டியிலிருந்து வந்தால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரே அதிர்கிறது என்று பொருள். ஹேர் டிரையரைக் குறைந்த வேகத்தில் ஓட்டும்போது மட்டும் அது அதிகரித்தால், மாறுமின்னோட்டத்தோடு சிறிதளவு நேர்மின்னோட்டம் (டிசி) கலக்கிறது என்று ஊகிக்கலாம். வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர்கள் ஒரு வோல்ட்டுக்கும் குறைவான கலப்பைக்கூடத் தாங்காமல் உறுமும். அந்தக் கலப்பைத் தடுக்க டிசி பிளாக்கர் என்ற சிறு பெட்டி இருக்கிறது. பெரிய கண்டிஷனரைவிட மிக மலிவானது.

முனகல் ஸ்பீக்கரிலிருந்து வந்தால், ஆம்ப்ளிஃபயருக்கு வரும் எல்லா ஒலிக் கம்பிகளையும் கழற்றுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் பழுது ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கிறது. பழைய கருவிகளில் பெரும்பாலும் மின்தேக்கிகள் வலுவிழந்திருக்கும். நின்றுவிட்டால் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள். உங்கள் விஷயத்தில் எனக்கு இரண்டின்மேல் சந்தேகம். ஒன்று, மடிக்கணினியின் மூன்று முனை சார்ஜர்; அதைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். மற்றொன்று, கட்டடத்தின் கூரையிலிருந்து டிவிக்கு வரும் ஆண்டெனா கம்பி. இரண்டு கருவிகள் இரண்டு வழிகளில் எர்த்தைத் தொடும்போது அவற்றுக்கிடையே ஒரு வளையம் உண்டாகி, அதில் ஓடும் சிறு மின்னோட்டம்தான் முனகலாகக் கேட்கிறது. எல்லாவற்றையும் ஒரே சுவர் சாக்கெட்டிலிருந்து எடுங்கள். டிவியின் ஒலியை ஆப்டிக்கல் கம்பியில் கொண்டுவாருங்கள், கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ மின்சாரத்தைக் கடத்தாது. மடிக்கணினிக்கு, யுஎஸ்பி கம்பி வழியாக அந்த வளையம் உண்டாகாமல் தடுக்கும் யுஎஸ்பி ஐசொலேட்டர் உண்டு.

பிளக்கின் எர்த் முனையை மட்டும் ஒருபோதும் செயலிழக்கச் செய்யாதீர்கள். முனகல் போய்விடும் என்பது உண்மைதான். உள்ளே ஒரு கம்பி நழுவிப் பெட்டியைத் தொட்டால் உயிரும் போகலாம்.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: இடியும் மின்னலும் இங்கே அதிகம். சர்ஜ் புரொடெக்டரில் எதைப் பார்த்து வாங்குவது?

சராசரியாக ஆண்டுக்கு 168 நாள் இடி இடிக்கும் ஊர் இது. மின்கம்பிகள் மண்ணுக்கடியில் ஓடுவதால் நேரடியாக மின்னல் தாக்குவது அரிது என்றாலும், அருகில் விழும் மின்னல் கம்பிகளில் மின்னழுத்த எழுச்சியைத் தூண்டக்கூடும். 2019இல் ஸ்டார்ஹப் தன் கேபிள் சேவையை நிறுத்திக் கண்ணாடி இழைக்கு மாறியதால், கேபிள் வழியாக எழுச்சி வீட்டுக்குள் வரும் ஒரு பாதை நம்மில் பலருக்கு அடைபட்டிருக்கிறது.

இக்கருவிகளின் உயிர்நாடி வாரிஸ்டர் என்ற சிறு வட்டத் தகடு. ஒவ்வோர் எழுச்சியையும் தான் வாங்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். பல ஆண்டு உழைத்த மலிவான சர்ஜ் புரொடெக்டர் பட்டையொன்றைப் பிரித்துப் பார்த்தால், நீல நிறத் தகட்டின் விளிம்பு கருகி, பக்கத்து பிளாஸ்டிக் பழுப்பேறியிருப்பதைக் காணலாம். வெளியே சுவிட்ச் விளக்கு மட்டும் ஒன்றும் நடவாததுபோல் எரிந்துகொண்டிருக்கும். எனவே பாதுகாப்பு இன்னும் இருக்கிறதா என்பதைத் தனியே காட்டும் விளக்கு உள்ளதையும், வாரிஸ்டர் சூடேறினால் துண்டிக்கும் வெப்ப ஃபியூஸ் உள்ளதையும், 1,000 ஜூலுக்குக் குறையாத எழுச்சி ஆற்றலைத் தாங்குவதையும், சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரை பெற்றதையும் வாங்குங்கள். நீண்ட விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போவதற்கு ஈடான கருவி இன்னும் வரவில்லை.

உட்லண்ட்ஸ் வாசகி: அண்ணா, கண்டிஷனரை மாட்டியதிலிருந்து, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது. கண்டிஷனர் கெட்டுவிட்டதா?

கெட்டிருக்க வேண்டியதில்லை, தங்கையே. ஃபில்டர்களில் எர்த்தோடு இணைந்த சிறு மின்தேக்கிகள் உண்டு. அவை எப்போதுமே சிறிதளவு மின்னோட்டத்தை எர்த்துக்குக் கசியவிடும். கணினி, சலவை இயந்திரம், கண்டிஷனர் என்று ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மில்லி ஆம்பியராகச் சேர்ந்துகொண்டே போகும். வீட்டு ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியருக்கானது என்றாலும், அதில் பாதியைத் தாண்டினாலே விழக்கூடியது. உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து வீட்டின் மொத்தக் கசிவை அளக்கச் சொல்லுங்கள். கண்டிஷனரைக் கழற்றிய பிறகும் விழுந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. ஆர்சிசிபியை நீக்குவது பற்றிப் பேசவே கூடாது. பழைய வீடுகளுக்கும் அதைக் கட்டாயமாக்கும் விதி 2023 ஜூலையில் நடப்புக்கு வந்து, ஈராண்டு அவகாசமும் முடிந்துவிட்டது.

பிடோக் வாசகர்: ஜப்பானில் பயன்படுத்தப்பட்ட 100 வோல்ட் ஆம்ப்ளிஃபயரும், இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளும் வாங்கியிருக்கிறேன். 110 வோல்ட் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போதுமா?

போதாது. 100 வோல்ட் கருவிக்கு 110 வோல்ட் கொடுத்தால் 10 விழுக்காடு கூடுதல். நம் மின்னழுத்தம் 240ஐ எட்டும் வேளையில் அது 115 ஆகும். உள்ளே சூடு ஏறி மின்தேக்கிகளின் ஆயுள் குறையும். 100 வோல்ட் வெளியீடு என்று எழுதியிருப்பதையே கேட்டு வாங்குங்கள். ஆம்ப்ளிஃபயர் இழுக்கும் உச்ச மின்திறனைப்போல் இரண்டு மடங்கு தாங்குவதாக இருக்கட்டும். ஆம்ப்ளிஃபயர்கள் மின்சாரத்தைச் சீராக உறிஞ்சுவதில்லை, அலையின் உச்சியில் சட்டென்று இழுக்கின்றன. சிறிய டிரான்ஸ்ஃபார்மர் அங்கேதான் தடுமாறும்.

டர்ன்டேபிளில் வேறொரு சிக்கல் உண்டு. ஜப்பானின் கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60 ஹெர்ட்ஸ். மின்சாரத்தின் அலைவெண்ணை நம்பிச் சுழலும் சின்க்ரோனஸ் மோட்டார், 60க்கென அமைந்ததாயின், இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும். பாடகரின் குரல் கனத்துவிடும். மின்சாரத்தின் அலைவெண்ணை நம்பாமல் குவார்ட்ஸ் படிகத்தால் வேகம் கட்டுப்படுத்தப்படும் டைரக்ட் டிரைவ் வகையாயின் கவலையில்லை.

செங்காங் வாசகர்: ரீஜெனரேட்டர் வாங்கும் வசதி இருக்கிறது. வாங்கலாமா? விலையுயர்ந்த மின்கம்பியும் வேண்டுமா?

ரீஜெனரேட்டர் சொன்னதைச் செய்யும் கருவிதான். மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி, அதிலிருந்து தூய அலையை மறுபடி உண்டாக்குகிறது. ஆனால் வேலையின்றி நிற்கும்போதும் 60 வாட் இழுக்குமானால், மாதத்துக்கு 43 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால் ஏறத்தாழ 13 வெள்ளி. அந்தச் சூட்டை வெளியேற்றக் குளிர்சாதனமும் கூடுதலாக உழைக்கும். நல்ல ஆம்ப்ளிஃபயரின் உள்ளிருக்கும் மின்வழங்கி ஏற்கெனவே இதே சுத்திகரிப்பில் பெரும்பகுதியைச் செய்துவிடுகிறது. அந்தப் பணத்தில் நல்ல ஸ்பீக்கரோ, வெறுஞ்சுவர்களில் எதிரொலியை அடக்கும் கனத்த திரைச்சீலைகளோ வாங்கினால் வித்தியாசம் முதல் பாட்டிலேயே கேட்கும். அப்படியும் ஆசை இருந்தால், திருப்பிக் கொடுக்கச் சம்மதிக்கும் கடையில் ஒரு வாரம் வாங்கி, எது இணைந்திருக்கிறது என்று தெரியாதபடி வேறொருவரை மாற்றச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். மின்கம்பிக்கு முறையான ஃபியூஸும், தளராமல் பொருந்தும் பிளக்கும் இருந்தால் போதும்.