மறுமொழி: ஹூரான் ஏரியில் எடுத்த மரக் கப்பியை உலர்த்தலாமா?

வணக்கம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து அல்பீனா அருகே ஹூரான் ஏரியில் முக்குளித்தபோது, மூழ்கிக் கிடந்த பாய்மரக் கப்பலின் மரக் கப்பி ஒன்றை எடுத்து வந்ததாகவும், அதை வெயிலில் உலர்த்தி எண்ணெய் பூசலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து உலர்த்தாதீர்கள், இப்போதே ஒரு வாளி குளிர்ந்த நல்ல தண்ணீரில் முழுவதும் அமிழ்த்தி, இருட்டான இடத்தில் வையுங்கள். நூறாண்டுக்கு மேல் ஊறிய மரத்துக்கு உருவம் தந்து தாங்கி நிற்பது அதன் நுண்ணறைகளில் நிறைந்திருக்கும் நீர்தான் என்பதால், அது ஆவியாகும்போது மரம் சுருங்கி, முறுக்கிக்கொண்டு, நெடுகப் பிளந்துவிடும்.

மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு, ஹூரான், மிச்சிகன் போன்ற பெரிய ஏரிகளின் நன்னீரில் வாழ்வதில்லை. குளிரும் சேர்ந்துகொள்வதால் அந்த ஏரிகளில் சில கப்பல்கள் பாய்மரத் தூண்கூடச் சாயாமல் நிற்கின்றன. 1864இல் மூழ்கிய ‘ஆல்வின் கிளார்க்’ கப்பலை 1969இல் மிச்சிகன் ஏரியின் கிரீன் பே விரிகுடாவிலிருந்து முழுதாகத் தூக்கினார்கள். அவ்வளவு காலம் நீருக்கடியில் கெடாமல் இருந்த அது, கரைக்கு வந்தபின் மக்கி, 1994இல் இடித்து அகற்றப்பட்டதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

1987ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, மாநில ஏரித்தரையில் புதைந்து கிடக்கும் கைவிடப்பட்ட கப்பல்கள் அந்த மாநிலத்துக்கே உரியவை. மிச்சிகனில் அனுமதியின்றி அவற்றிலிருந்து பொருள்களை எடுப்பது சட்டவிரோதம். ஆகவே மூழ்கிய கப்பல்களைப் பாதுகாக்கும், அல்பீனாவிலுள்ள தண்டர் பே தேசியக் கடல்சார் காப்பகத்தை நீங்களே தொடர்புகொண்டு, எடுத்த இடத்தையும் ஆழத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். நீங்களாகத் திரும்பக் கொண்டுபோய்ப் போடவும் வேண்டாம்; அதை எங்கே, எப்படி வைப்பது என்பதைத் தொல்லியலாளர்கள் முடிவு செய்யட்டும். அடுத்த முறை படகைக் கட்ட, நங்கூரம் போடாமல், அங்கே அமைத்திருக்கும் மிதவைகளையே பயன்படுத்துங்கள்.