கார் நிறுத்தும் தளத்தில் சிமெண்ட் அடைத்தும் புல் வருகிறதா?

கான்கிரீட் தளத்தின் பகுதிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை மறுபடி சிமெண்டால் அடைக்காதீர்கள். ரப்பர் போல வளைந்து கொடுக்கும் பாலியூரித்தேன் சீலன்ட் (அடைப்புப் பசை) போடுங்கள். இரண்டு முறை கலவை பூசியும் ஆறே மாதத்தில் பிளந்து புல் வந்ததாகச் சொல்கிறீர்கள். வரத்தான் செய்யும். கான்கிரீட் வெயிலில் விரியும், இரவில் சுருங்கும். அந்த அசைவுக்காகவே விட்ட இடைவெளி அது. கலவை வளைந்து கொடுக்காமல் ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். அதில் சேரும் மண்ணே விதைக்குப் போதும்.

முதலில் ஒரு புல்லைப் பிடுங்கிப் பாருங்கள். மேல்மண்ணோடு வந்துவிட்டால் காற்றில் வந்த விதை. வேரில் கறுப்பாகச் சின்னக் கிழங்கு இருந்தால் கோரை. கிழங்கைத் தோண்டி எடுக்காமல் அடைத்தால் பக்கத்து விரிசலில் எட்டிப் பார்க்கும்.

அப்புறம் பழைய கலவையைக் கொத்தி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தூசியை ஊதிவிடுங்கள். இடைவெளியைவிடச் சற்றுப் பருமனான ஃபோம் கயிற்றை உள்ளே அழுத்துங்கள். 12 மி.மீ. அகலம் என்றால் அதன்மேல் 6 மி.மீ. கனத்துக்குச் சீலன்ட் போதும். கயிறு வீண் செலவு என்று விட்டுவிடாதீர்கள். சீலன்ட் இரு பக்கமும்தான் ஒட்ட வேண்டும். அடியிலும் ஒட்டினால் இழுபட்டுக் கிழியும்.

ஈரத்தில் இது பிடிக்காது. மழை விட்டு இரண்டு மூன்று நாள் நன்றாகக் காய்ந்த பிறகே செய்யுங்கள்.